பொலிசிஸ்டிக் கிட்னி: காலையில் பிரஷர் கூட, பின்னேரம் சரி. எதைக் கணக்கில் எடுப்பது?

சாம்பல்தீவு கேட்டது:

அண்ணாவுக்கு 34 வயது. இரண்டு சிறுநீரகத்திலும் நிறைய நீர்க்கட்டிகள். ஸ்கேனில் நீளம் 15, 15.5 சென்ரிமீற்றர். அப்பாவுக்கும் இதே வருத்தம்தான், 50 தாண்டியதும் டயலிசிஸ். அண்ணாவின் கிரியேட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் இரத்தச் சோதனை) 0.9, சிறுநீரில் புரதம் இல்லை. காலை 8 மணிக்கு லொசார்ட்டன் என்ற பிரஷர் குளிசை 50 மி.கி. ஒன்று எடுக்கிறார்.

மேற்கையில் கட்டும் வீட்டு மெஷினில் வருவது இப்படி:

காலை 6 மணி, குளிசைக்கு முன்: 144–148 / 92–94
கிளினிக்கில், முற்பகல் 11 மணிபோல்: 126/80
பின்னேரம் 6 மணி: 122–126 / 76–80

கிளினிக்கில் "பிரஷர் நல்லாயிருக்கு, இதையே தொடருங்கோ" என்றுதான் எழுதுகிறார்கள். ஈசிஜி நோர்மல். எனக்குத் தெரிய வேண்டியவை: எந்த அளவை நம்புவது? இரவில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? ஈசிஜி சரியென்றால் எக்கோ (இதய ஸ்கேன்) தேவையில்லையா? ஒரு விஷயம், மாதத்தில் பாதி நாள் அவர் இரவில் கடலுக்குப் போய் விடிந்த பிறகுதான் படுப்பார். மேலே உள்ளவை வீட்டில் இரவு படுத்த நாட்களின் அளவுகள்.

---

கொட்டியாரம்:

தங்கச்சி, இந்த மூன்றில் முக்கியமானது காலை அளவு. பின்னேரம் சரியாக இருக்கிறதே என்று அதை ஒதுக்கவும் வேண்டாம், மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்து மறைக்கவும் வேண்டாம்.

காலையில் ஏறுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

முதலாவது குளிசை ஓயும் நேரம். லொசார்ட்டன் உடம்புக்குள் போய் வேறொரு பொருளாக மாறித்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. அந்தப் பொருளின் அளவு 6 முதல் 9 மணித்தியாலத்தில் பாதியாகக் குறையும். காலை 8 மணிக்குப் போட்டால் மறுநாள் காலை 6 மணிக்கு 22 மணித்தியாலம் கழிந்துவிடும். கிளினிக்கில் 11 மணிக்கு அளப்பதோ குளிசை போட்டுச் சில மணித்தியாலத்தில், அது நன்றாக வேலை செய்யும் நேரத்தில். கிளினிக் கொப்பியில் 126/80 என்று அழகாக விழுவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

இரண்டாவது இந்த வருத்தத்தின் குணம். கட்டிகள் பெரிதாகும்போது பக்கத்துச் சிறு இரத்தக் குழாய்களை நெரிக்கின்றன. இரத்தம் குறைந்த பகுதி ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது, அதன் வழியாக அஞ்சியோடென்சின் என்ற ஹோர்மோன் கூடுகிறது, குழாய்கள் சுருங்குகின்றன, உடம்பு உப்பைப் பிடித்து வைக்கிறது. இந்த நோயில் பழுதாகும் பொலிசிஸ்டின் புரதம் இரத்தக் குழாயின் உட்சுவரிலும் இருக்கிறது. அதனால் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஒக்சைட்டும் குறைகிறது. இவை எல்லாம் கிரியேட்டினின் அசையாமல் இருக்கும்போதே நடக்கும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைய முன்னமே பிரஷர் வந்துவிடுகிறது, சராசரியாக 30 வயதை ஒட்டி. 35 வயதுக்கு முன் பிரஷர் வருவதை நோய் வேகமாக நகரக்கூடும் என்பதற்கான ஓர் அடையாளமாகவே எடுப்பார்கள்.

சாதாரண ஆளுக்கு நித்திரையில் மேல் பிரஷர் 10 முதல் 20 வீதம் இறங்கும். இந்த வருத்தக்காரரில் கன பேருக்கு அந்த இறக்கம் குறைவு. பகலில் வெளியேற்ற முடியாத உப்பைச் சிறுநீரகம் இரவில் தள்ளுகிறது, அதைத் தள்ளுவதற்குப் பிரஷர் இறங்காமல் நிற்கிறது. சிறுநீரை அடர்த்தியாக்கும் திறனும் இந்த நோயில் ஆரம்பத்திலேயே குறையும். ஆகவே இரவில் எழும்பி எழும்பிப் போக வேண்டிவரும், நித்திரை குழம்பும், பிரஷர் இன்னும் இறங்காது. கூடவே குறட்டை பலமாக, இடையில் மூச்சு நின்று வருவதுபோல் இருந்தால் அதையும் சொல்லுங்கோ. அது தனிக் காரணம்.

இரண்டு காரணத்தையும் பிரித்துப் பார்க்க 24 மணி நேர மெஷின் கட்ட வேண்டும். கிளினிக்கில் இந்தக் காலை அளவுகளை எழுதிக் காட்டிக் கேளுங்கோ, வெறுமனே "காலையில் கூட" என்றால் எடுபடாது. அதிகம் பாவிக்காத கையில் கட்டுவார்கள். பகலில் 15–30 நிமிடத்துக்கு ஒரு தடவையும் நித்திரையில் 30–60 நிமிடத்துக்கு ஒரு தடவையும் ஊதும். ஊதும்போது கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அளவு பிழைத்து மெஷின் திரும்ப ஊதும். பகலில் குறைந்தது 20, நித்திரையில் குறைந்தது 7 நல்ல அளவுகள் இல்லாவிட்டால் அறிக்கையை நம்பி முடிவெடுக்க ஏலாது.

கடலுக்குப் போகிறவருக்கு இங்கேதான் சிக்கல். மெஷினில் பெரும்பாலும் இரவு 10 முதல் காலை 6 வரை "நித்திரை" என்று போட்டிருப்பார்கள். அந்த நேரம் வலை இழுக்கிற ஆளுக்கு அறிக்கை "இரவில் இறங்கவில்லை" என்றுதான் வரும், அது பொய். வீட்டில் இரவு படுக்கிற கிழமையில் கட்டுங்கோ. முடியாவிட்டால் படுத்த நேரம், எழும்பிய நேரம், குளிசை நேரம் மூன்றையும் துண்டில் எழுதிக் கொடுத்து அதன்படி கணக்கிடச் சொல்லுங்கோ.

கணக்கு எளிது. பகல் சராசரியிலிருந்து நித்திரைச் சராசரியைக் கழித்து, பகல் சராசரியால் பிரித்து, 100 ஆல் பெருக்குங்கோ. பகல் 138, நித்திரை 131 என்றால் இறக்கம் 5 வீதம், போதாது. நித்திரை 120 என்றால் 13 வீதம், சாதாரணம். ஆனால் வீதம் மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். நித்திரைச் சராசரி 120/70, பகல் 135/85, முழு நாள் 130/80 என்ற எல்லைகளில் எதைத் தாண்டினாலும் அது உயர் பிரஷர்தான். 13 வீதம் இறங்கியும் 120இல் நிற்பவர் எல்லையில்தான் நிற்கிறார்.

வீட்டில் அளக்கும் முறையையும் ஒருதரம் சரிபாருங்கோ. சிறுநீர் கழித்த பிறகு, தேத்தண்ணிக்கும் சிகரெட்டுக்கும் முன், 5 நிமிடம் முதுகு சாய்ந்து, கால் இரண்டும் நிலத்தில் படிய இருந்து, கை மேசையில் நெஞ்சு மட்டத்தில். கை 10 சென்ரிமீற்றர் கீழே இருந்தால் அளவு 7–8 கூடக் காட்டும். மேற்கைச் சுற்றளவை நாடாவால் அளந்து மெஷினின் கைப்பட்டியில் எழுதியிருக்கும் எல்லைக்குள் விழுகிறதா என்று பாருங்கோ. வலை இழுக்கிற கை 33–34 சென்ரிமீற்றர் இருக்கலாம், 22–32 பட்டி அதற்குச் சிறிது, சிறிய பட்டி கூடவே காட்டும். காலை இரண்டு, மாலை இரண்டு, இடையில் ஒரு நிமிடம், 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு, காலைச் சராசரியை வேறாகவும் மாலைச் சராசரியை வேறாகவும் எழுதுங்கோ.

---

உவர்மலை:

எக்கோ பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஈசிஜி நோர்மல் என்பதை வைத்து இதயச் சுவர் தடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. இடது கீழறைத் தடிப்பில் ஈசிஜி தவறவிடுவதே கூட. காலையில் இந்த அளவுக்கு ஏறும் ஆளுக்கு, அதுவும் எவ்வளவு காலமாக ஏறுகிறது என்று தெரியாதபோது, எக்கோ கேட்பது நியாயம். இரவில் இறங்காத பிரஷர் இதயத்துக்கு ஓய்வில்லாத வேலை. சுவர் தடிப்பது கிரியேட்டினின் ஏறுவதற்குக் கன காலம் முன்னமே தொடங்கலாம்.

அறிக்கை வந்ததும் "இடது கீழறை நோர்மல்" என்ற ஒற்றை வரியோடு நிற்காமல் இவற்றைத் தேடுங்கோ. இடது கீழறைத் தசையின் எடை, உடற்பரப்புக்குக் கணக்கிட்டது: ஆணுக்குச் சதுர மீற்றருக்கு 115 கிராமுக்கு மேல், பெண்ணுக்கு 95க்கு மேல் என்றால் தடிப்பு. அறை தளரும் திறன், அதாவது டயஸ்டொலிக் பகுதி, சிலருக்குத் தடிப்புக்கு முன்பே குழம்பும். இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வு பின்னுக்குச் சரிவது இந்த நோயில் நாலில் ஒருவர் வரை காணப்படும். பெரும்பாலும் இரத்தக் கசிவு சொற்பம், அதற்கென்று மருந்து தேவையில்லை, பல்லுப் பிடுங்க முன் அன்டிபயோட்டிக்கும் தேவையில்லை. இதயத்தைச் சுற்றிக் கொஞ்ச நீர் நிற்பதும் காணலாம், பெரும்பாலும் தொந்தரவு தராது. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயான மகாநாடி தொடங்கும் இடத்தின் அகலம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கோ. குடும்பத்தில் மகாநாடி கிழிந்தவர் இருந்தால் அதைக் கேட்காமலே சொல்லுங்கோ. எக்கோ எடுக்கிறவருக்கு "பொலிசிஸ்டிக் கிட்னி" என்று சீட்டில் எழுதியிருந்தால் இந்த இடங்களைத் தனியாகப் பார்ப்பார். வெறும் "பிரஷர்" என்று எழுதியிருந்தால் வேகமாக முடியும்.

எக்கோவில் தெரியாத ஒன்று மூளை இரத்தக் குழாய் வீக்கம். பொதுவில் 100 பேரில் 2–3 பேருக்கு இருப்பது இந்த நோயில் ஏறக்குறைய 9–12 பேருக்கு. குடும்பத்தில் மூளையில் இரத்தம் கசிந்தவரோ காரணம் தெரியாமல் திடீரென இறந்தவரோ இருந்தால், மூளைக் குழாய்களைப் பார்க்கும் எம்ஆர்ஐ பற்றிப் பேச வேண்டும். அதைச் சாயம் ஏற்றாமலே எடுக்கலாம். அப்படி ஒருவரும் இல்லாவிட்டாலும், சில விநாடிகளில் உச்சத்துக்குப் போகும், வாழ்நாளில் வராத தலையிடி வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் உடனே வைத்தியசாலை. நடுக்கடலில் வந்தாலும் திரும்பி வர வேண்டியதுதான். புகைத்தால் அதை விடுவது இந்த வீக்கத்துக்கும் நல்லது.

---

கிண்ணியா மருந்துக்கடை:

கொட்டியாரம் சொன்ன குளிசை ஓய்வு சரி. வைத்தியரிடம் கேட்கக்கூடிய வழிகள்: அளவை 100 மி.கி. ஆக்குவது, காலை மாலை என்று 50 ஆகப் பிரிப்பது, அல்லது 24 மணித்தியாலமும் நிற்கும் டெல்மிசார்ட்டனுக்கு மாறுவது. எதைச் செய்தாலும் முழுப் பலன் தெரிய 3–6 கிழமை ஆகும். இரண்டு நாளில் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று வந்து நிற்க வேண்டாம்.

இரவில் போட்டால் இதயத்துக்கு அதிக நன்மை என்று பரவலாகச் சொல்கிறார்கள். 2022இல் வெளியான டைம் என்ற பிரித்தானிய ஆய்வில் 21,104 பேரை வைத்துப் பார்த்ததில் காலைக் குளிசைக்கும் மாலைக் குளிசைக்கும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை. அது பொதுவான பிரஷர்காரரை வைத்துச் செய்தது, பொலிசிஸ்டிக் கிட்னிக்காரரை வைத்து அல்ல. ஆகவே காலை 6 மணி அளவைக் குறைக்க நேரம் மாற்றிப் பார்ப்பது பிழையில்லை, மந்திரம் என்று நம்புவதுதான் பிழை. கடலுக்குப் போகிறவர் மறக்காமல் போடக்கூடிய நேரமே நல்ல நேரம்.

லொசார்ட்டனும் எனலப்ரிலும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டு வருகிறார்கள். வேண்டாம். பொலிசிஸ்டிக் கிட்னிக்காரரை வைத்துச் செய்த ஹோல்ட் பிகேடி ஆய்வில், எனலப்ரில் வகையைச் சேர்ந்த லிசினோப்ரிலோடு டெல்மிசார்ட்டனைச் சேர்த்தும் தனி லிசினோப்ரிலைவிட மேலதிக நன்மை வரவில்லை. ஒன்றை முழு அளவுக்குக் கொண்டுபோய், போதாவிட்டால் அம்லோடிபின் அல்லது நீர்க்குளிசை (சிறுநீரைக் கூட்டுவது) ஒன்றைச் சேர்ப்பார்கள்.

அளவு கூட்டினால் 2–4 கிழமைக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 வீதம் வரை கூடுவது எதிர்பார்த்தது. 0.9 என்பது 1.1 ஆனதும் பயந்து குளிசையை நிறுத்துகிறவர்கள்தான் கூட. 30 வீதத்தைத் தாண்டினாலோ பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினாலோ வைத்தியரிடம் உடனே காட்டுங்கோ.

கடையில் வாங்கிப் பிழை விடுகிற பொருட்கள் மூன்று. இடுப்பு வலிக்கு டைக்ளோபெனக், இபுபுரோபன்: பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைக்கும், லொசார்ட்டனோடு சேர்ந்தால் இன்னும் மோசம். கட்டி வலிக்குப் பரசிற்றமோல் போதாவிட்டால் வைத்தியரிடம் போங்கோ. இரண்டாவது "சோடியம் குறைந்த உப்பு". அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைட்டு இருக்கும். லொசார்ட்டன்காரர் வாங்கவே கூடாது. மூன்றாவது தடிமனுக்கு மூக்கடைப்பைத் திறக்கும் கூட்டுக் குளிசைகள், பிரஷரை ஏற்றிவிடும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், சமையலுக்குப் போடுவது, கருவாட்டில் வருவது எல்லாம் சேர்த்து ஒரு தட்டையான தேக்கரண்டிக்குள். நம்ம பக்கம் கறி உப்பு அவ்வளவு குற்றவாளி இல்லை. கருவாடு, மாசி, ரின்மீன், ஊறுகாய், சூப் கட்டி, உடனடி நூடில்ஸ்தான் அளவைத் தாண்ட வைக்கின்றன. கருவாட்டை ஊறவைத்துத் தண்ணியை ஊற்றினால் உப்பு கொஞ்சம் குறையும், சுத்தமாகப் போகாது. குறைத்தேன் என்று சொல்பவர் உண்மையில் குறைத்தாரா என்று பார்க்க 24 மணி நேரச் சிறுநீரில் சோடியம் அளக்கலாம். 5 கிராம் உப்பென்றால் ஏறக்குறைய 85–90 மில்லிமோல். காலை முதல் சிறுநீரை விட்டுவிட்டு மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை சேர்க்க வேண்டும், ஒருதரம் தவறினாலும் கணக்குக் குறைந்து காட்டும்.

நோன்பு பிடிக்கிறவர்கள் நீர்க்குளிசையைச் சஹருக்குப் போட்டு நாள் முழுக்கத் தண்ணியில்லாமல் இருப்பது ஆபத்து. நேர மாற்றத்தை நோன்பு தொடங்க முன்னமே கிளினிக்கில் கேட்டு வையுங்கோ. தண்ணி குறையும்போது சிறுநீரைக் குறைக்கும் வாசோபிரசின் என்ற ஹோர்மோன் கூடும், கட்டி வளர்வதற்கு அதுவும் ஒரு தூண்டுதல்.

---

தம்பலகாமம்:

எல்லாம் சரி, ஆனால் பிரஷரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று ஒருவரும் சொல்லவில்லையே. 110/75க்கு இறக்க வேண்டும் என்று கன இடத்தில் வாசித்தேன். வெயிலில் வேலை செய்கிற ஆளை அவ்வளவுக்கு இறக்கினால் மயங்கி விழமாட்டாரா? இன்னொன்று, நம்ம மாவட்டத்தில் பதவி சிறிபுரப் பக்கம் இருக்கிற கிட்னி வருத்தத்தில் பிரஷர் கன காலம் நோர்மல் என்கிறார்கள். அப்படியென்றால் இங்கே ஏன் முதலிலேயே பிரஷர்?

---

கொட்டியாரம்:

நல்ல கேள்வி. இரண்டாவதை முதலில் முடிக்கிறேன். அனுராதபுரம், பொலன்னறுவை, பதவி சிறிபுரப் பக்கம் காரணம் தெரியாமல் வரும் வருத்தம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் இடைத்திசுவையும் தாக்குவது. ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கித் தெரியும், பிரஷர் பிந்தித்தான் வரும். பொலிசிஸ்டிக்கில் சிறுநீரகம் பெரிதாகும், பிரஷர் முந்தும். இரண்டையும் குழப்பி, "தண்ணியால் வந்தது" என்று பிள்ளைகளைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. இது பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 வீதம் வரக்கூடியது. ஐந்து வயதிலிருந்து ஆண்டுக்கொருதரம் பிரஷர் பார்ப்பது நல்லது. அதேநேரம் ஸ்கேனில் ஒற்றைக் கட்டி தெரிந்ததும் பதற வேண்டாம். குடும்பத்தில் நோய் இருப்பவருக்கே 15–39 வயதில் மொத்தம் மூன்று கட்டி, 40–59 வயதில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு இருந்தால்தான் இந்த நோய் என்று எல்லை வைத்திருக்கிறார்கள்.

110/75 வந்த இடம் ஹோல்ட் பிகேடி, 2014இல் வெளியானது. 15–49 வயது, வடிகட்டும் திறன் 60க்கு மேல் உள்ள 558 பேர். ஒரு பகுதியினரை 95/60–110/75க்கும் மற்றவர்களை 120/70–130/80க்கும் வைத்தார்கள். இறுக்கமாக வைத்தவர்களின் சிறுநீரகப் பருமன் ஆண்டுதோறும் வளர்வது 14.2 வீதம் மெதுவானது, இதயத் தசைத் தடிப்பும் சிறுநீரில் போகும் அல்புமின் புரதமும் கூடுதலாகக் குறைந்தன. வடிகட்டும் திறனில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. தலைசுற்று கூடியது, ஆகவே உங்கள் பயம் காரணமில்லாதது அல்ல.

கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2025 வழிகாட்டி 18–49 வயதில், சிறுநீரகம் இன்னும் நன்றாக வேலை செய்பவருக்கு, 130/85க்கு மேல் பிரஷர் இருந்து உடம்பு தாங்கினால், வீட்டு அளவில் 110/75 அல்லது அதற்குக் கீழ் என்கிறது. 50 வயதுக்கு மேலோ சிறுநீரகம் ஏற்கெனவே பின்னடைந்தோ இருந்தால் முறைப்படி எடுத்த கிளினிக் அளவில் மேல் பிரஷர் 120க்குக் கீழ். 34 வயது அண்ணா முதல் கூட்டத்தில் விழுகிறார். என் கருத்து: முதலில் காலை அளவை 130/80க்குக் கீழே கொண்டுவாருங்கோ, தாங்குகிறார் என்றால் அடுத்த படி. ஒரேயடியாக 110க்குத் தள்ளினால் அவரே குளிசையை விட்டுவிடுவார்.

தாங்குகிறாரா என்று பார்க்க வழி: இருந்து அளந்து, எழும்பி 1ஆம் நிமிடமும் 3ஆம் நிமிடமும் அளந்து பாருங்கோ. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் கூட்டுவதை நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கோ. வாந்தி, வயிற்றோட்டம், தண்ணி குடிக்க ஏலாத காய்ச்சல் வந்த நாளில் லொசார்ட்டனையும் நீர்க்குளிசையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்கி வையுங்கோ. இந்த வருத்தமுள்ள பெண்கள் பிள்ளை பெற யோசித்தால் லொசார்ட்டனையோ எனலப்ரிலையோ கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டும்.

---

சாம்பல்தீவு:

எல்லாருக்கும் நன்றி. கைச் சுற்றளவு 34 வந்தது, பட்டியில் 22–32 என்றுதான் போட்டிருக்கு. பெரிய பட்டி வாங்கினால் காலை அளவு சரியாகிவிடுமா? அப்படியென்றால் குளிசை கூட்டத் தேவையில்லையா? வலது கையில் இடது கையைவிட 12 கூடவும் காட்டுகிறது.

---

கொட்டியாரம்:

பெரிய பட்டி கட்டினால் எல்லா அளவும் கொஞ்சம் குறையும், பின்னேர அளவும் சேர்ந்து. அதே பட்டியில்தான் பின்னேரம் 124 வந்தது, ஆகவே காலைக்கும் பின்னேரத்துக்கும் உள்ள 20க்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பட்டி காரணமாகாது. கிளினிக்குக்குப் போக முன் மெஷின் கம்பெனியின் பெரிய பட்டியையே வாங்குங்கோ, வேறு கம்பெனிப் பட்டி பொருந்தினாலும் கணக்குப் பிழைக்கும். புதிதாக 7 நாள் அளந்த தாளைக் கொண்டுபோங்கோ, பழைய அளவுகளைச் சேர்க்க வேண்டாம்.

கை வித்தியாசம்: ஒரே பட்டியை இரு கையிலும் மாற்றி மாற்றி மூன்று தடவை அளந்து, திரும்பத் திரும்ப 10க்கு மேல் வந்தால் அதிகம் காட்டும் கையிலேயே இனி எப்போதும் அளக்க வேண்டும். அதாவது வலது கை. நீங்கள் இதுவரை எழுதியவை இடது கை அளவுகள் என்றால் உண்மையான காலை அளவு இன்னும் மேலே இருக்கலாம். 24 மணி நேர மெஷினையும் வலது கையில் கட்டச் சொல்லுங்கோ, அது அதிகம் பாவிக்கிற கையாக இருந்தாலும். இந்த வித்தியாசத்தைக் கிளினிக்கில் தனியாகச் சொல்லுங்கோ, 15–20 அளவுக்குப் போனால் கைக்குப் போகும் குழாயையும் மகாநாடியையும் பார்க்க வேண்டிவரும்.